குழப்படி இல்லாத பிள்ளைகள்

யூன் 3, செவ்வாய்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகிற வீதியில் இறங்கி, உள்ளே கிரவல் பாதையில் ஓட்டோ. சோளகம் தொடங்கிவிட்டது. போய்ச் சேரும்போது புருவம் வரைக்கும் செம்புழுதி. அதிபர் சேர் முதலில் தண்ணீர் தந்தார், பிறகு பட்டியலைத் தந்தார்.

பாடசாலைகளில் எனக்கென்று ஒரு பதவி கிடையாது. நான் வைத்தியசாலையில் வேலை செய்கிற பேச்சுச் சிகிச்சையாளர். வலயக் கல்வி அலுவலகத்தோடு கதைத்து வைத்த ஒழுங்கில் கிழமைக்கு ஒரு நாள் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறேன். பதவி இல்லாததால் அறையும் இல்லை. இன்றைக்குக் கிடைத்தது மதிய உணவு அரிசி வைக்கிற அறையின் விறாந்தை. சத்தம் குறைவு, எலி அதிகம்.

பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் பிழையாகக் கதைக்கிறவர்கள். கொன்னை தட்டுகிற பெடியன், ரகரம் வராதவன், மூக்கால் கதைக்கிற பிள்ளை, ககரம் தகரமாக வருகிற தரம் 1 காரன். கதைக்காத பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதிபரிடம் கேட்டேன்.

“அமைதியா இருக்கிற பிள்ளையள் இருக்கினம் மிஸ். அவைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. குழப்படியே இல்லை.”

சரி, அதைப் பிறகு பார்ப்போம்.

தரம் 1 காரனுக்குக் காகம் ‘தாதம்’, கடை ‘தடை’. பாயில் மல்லாக்கப் படுக்கவைத்தேன். படுத்தால் நாக்கு தானாகப் பின்னுக்குச் சரியும், நுனி பல்லுக்கு ஏறுவது சிரமம். தண்ணீர் இல்லாமலே கொப்பளிக்கிற சத்தம் போடச் சொன்னேன். அது நன்றாக வந்தது. பிறகு ‘அக்’ என்றேன், அவன் ‘அத்’ என்றான். ஐஸ்கிறீம் குச்சியால் நாக்கு நுனியை மெல்ல அமர்த்திக்கொண்டு மறுபடி. ‘அக்’ என்று வந்ததும் அவனுக்கே திடுக்கிட்டுப் போய், எழும்பி உட்கார்ந்துவிட்டான்.

தமிழில் இந்த வேலைக்கு ‘அக்கா’ மாதிரி ஒரு சொல் கிடைக்காது. இரட்டித்த ககரம் நாக்கு பின்னால் போய் நிற்க நேரம் கொடுக்கும். காகத்தில் இரண்டாவது ககரம் உரசிக்கொண்டு ஓடிவிடும், பிள்ளைக்குப் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே காகம் பிறகு. இவனுடைய அக்கா தரம் 4 இல் இருக்கிறாள், கூப்பிட்டு விட்டார்கள். “அக்...கா” என்றான். “என்னடா?” என்றாள் அவள், ஒன்றும் நடக்காததுபோல. நான் சொல்லிக்கொடுத்திருந்தாலும் அதைவிடச் சரியான பதில் வந்திராது.

யூன் 5, வியாழன்

கிளினிக். மூன்று வயதுப் பெடியன், ஐந்தாறு சொல்தான். அம்மம்மா நாக்கில் வசம்பு உரசிப் பார்த்துவிட்டாராம். இப்போது யாரோ, நாக்கின் அடிநரம்பை வெட்டினால் கதைப்பான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நாக்கை நீட்டச் சொன்னேன். தாராளமாக வெளியே வந்து மேலுதட்டைத் தொட்டது. நாக்கு ஒட்டியிருந்தால் சில சத்தங்கள் சரியாக வராமல் போகலாம். பிள்ளை கதைக்கவே தொடங்காததற்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. வசம்பும் வேண்டாம், வெட்டும் வேண்டாம், முதலில் காதைச் சோதிப்போம் என்றேன்.

“போனில வண், டூ, த்ரீ எல்லாம் சொல்லுவான் மிஸ்” என்றார் தாய். தண்ணீர் வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுப்பானாம்.

யூன் 12, வியாழன்

செவ்வாய் பொசன் போயா விடுமுறை, அதனால் இந்தக் கிழமை பள்ளிக்கூடம் இன்றைக்கு.

அதிபரின் குழப்படி இல்லாத பிள்ளைகளைப் பார்க்கக் கேட்டேன். தரம் 3 ரீச்சர் ஒரு பிள்ளையின் கொப்பியைப் பெருமையாகக் கொண்டுவந்து காட்டினார். அச்சடித்த மாதிரிக் கையெழுத்து, கரும்பலகையில் இருந்தது ஒரு புள்ளி பிசகாமல் இருக்கிறது. அதில் ஒரு வசனத்தைத் தொட்டு, “இது என்ன சொல்லுது?” என்று பிள்ளையிடம் கேட்டேன். சிரித்தாள். வேறொன்று கேட்டேன். அதற்கும் அதே சிரிப்பு.

மேசையில் பென்சிலும் புத்தகமும் வைத்தேன். “பென்சிலை எடுக்கிறதுக்கு முதல் புத்தகத்தை மூடுங்கோ.” பென்சிலை எடுத்தாள், பிறகு புத்தகத்தை மூடினாள். காதில் விழுந்த வரிசையில் செய்கிறாள். ‘முதல்’ என்ற சொல் அவளுக்கு வேலை செய்யவில்லை. நாய் எலும்போடு ஓடிக் குளத்தில் விழுகிற படக்கதையைச் சொல்லச் சொன்னேன். “நாய்... அது... போகுது. அது விழுந்தது.” அவ்வளவுதான். எட்டு வயது.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று பின்வாங்கில் இருந்து பார்த்தேன். ரீச்சர் கேள்வி கேட்கிறார், ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் அடுத்த பிள்ளைக்குப் போகிறார். இவள் முன்னால் இருப்பவள் எதைத் திறக்கிறாள் என்று பார்த்துத் தானும் திறக்கிறாள். எல்லோரும் சிரித்தால் சிரிக்கிறாள். மூன்று வருடமாக இப்படியே சமாளித்திருக்கிறாள் என்றால், என்ன கெட்டித்தனம்!

இதற்கு மொழி விருத்திக் குறைபாடு என்று பெயர். காது, புத்தி, வளர்ப்பு எதிலும் குறை சொல்ல முடியாமல், மொழி மட்டும் பிடிபடாமல் இருப்பது. 2016 இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வொன்று பள்ளிக்கூடம் தொடங்கும் வயதில் ஏறத்தாழ 7.5 வீதமான பிள்ளைகளுக்கு இது இருப்பதாகக் கண்டது. முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். கொன்னையைவிட, ஓட்டிசத்தைவிட அதிகம். ஆனால் என்னிடம் வருகிற பட்டியல்களில் இவர்கள் இருப்பதில்லை. கொன்னை காதில் விழும். விளங்காமை எவருடைய காதிலும் விழாது.

காது குறையில்லை என்பதை நான் ஊகிக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துக்குக் கேள்திறன் சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாய்க்கு ஒரு நாள் கூலி போகும்.

யூன் 17, செவ்வாய்

கொன்னை தட்டுகிற பெடியன். தரம் 5.

காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடுவது இவன்தானாம். நல்ல குரல், ஓரிடத்திலும் தட்டுவதில்லை. அதுதான் அவனுக்கு வினையாகப் போய்விட்டது. “பாட்டு வருகுது, கதை வருகுதில்லை எண்டா அது நடிப்புத்தானே மிஸ்?” என்று ஒரு சேர் என்னிடமே கேட்டார். கேட்டது நல்லது. கேட்காமல் மனதில் வைத்திருக்கிறவர்கள்தான் எனக்குக் கஷ்டம்.

கொன்னை தட்டுகிறவர்களில் அநேகம் பேருக்குப் பாடும்போது தட்டாது. இன்னொருவரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் வாசித்தாலும் தட்டாது. இராகமும் தாளமும் அடுத்த அசை எப்போது வரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. சொற்களும் மனப்பாடம். வாய்க்கு மட்டும்தான் வேலை. கதைக்கும்போது சொல்லையும் தேடி, நேரத்தையும் பிடித்து, எதிரே நிற்பவரின் முகத்தையும் பார்க்கவேண்டும்.

சேரை விறாந்தையில் வைத்தே காட்டினேன். பெடியனைத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பந்தி தனியாக வாசிக்கச் சொன்னேன். ‘ப’வில் முட்டி நின்றான், கண் இறுகியது, வலக்கை தொடையில் அடித்தது. அதே பந்தியைச் சேரும் அவனும் சேர்ந்து வாசித்தார்கள். ஓடியது. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு எதுவும் கேட்கவில்லை.

வகுப்புக்கு எழுதிக்கொடுத்தது இவ்வளவு: ‘ஆறுதலாச் சொல்லு’, ‘மூச்சை இழுத்துச் சொல்லு’ என்று சொல்லவேண்டாம். சொல்லை அவனுக்காக முடித்துக் கொடுக்கவேண்டாம். என்ன சொன்னான் என்பதற்குப் பதில் சொல்லுங்கள். வாசிப்பு முறை வரும்போது இரண்டிரண்டு பேராக வாசிக்க விடுங்கள், இவனை மட்டும் அல்ல, எல்லோரையும்.

சின்ன வயதில் நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு இது வந்து போகும். பெரும்பாலானவர்களுக்குத் தானாக விட்டுவிடும். பத்து வயது வரைக்கும் நிற்பது இலகுவில் போகாது. அதைத் தாயிடம் மறைக்காமல் சொன்னேன். தட்டினாலும் பயப்படாமல் கதைக்கப் பழகுவது கையில் இருக்கிறது. தேவாரத்தை மட்டும் நிறுத்திவிடவேண்டாம் என்றும் சொன்னேன்.

யூன் 24, செவ்வாய்

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீடு. தரம் 2 பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு முதல் கேட்கும் கருவி கொடுத்தது. பள்ளிக்கூடத்துக்குப் போட்டு வருவதில்லை என்று ரீச்சர் சொன்னார். தகப்பன் அலுமாரியைத் திறந்தார். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அவற்றுக்குப் பக்கத்தில் வெல்வெட் துணியில் சுற்றிக் கருவி. துலைந்து போனால் எங்கே போய் வாங்குவது என்ற பயம். திருவிழாவுக்கு மட்டும் போட்டுவிட்டார்களாம்.

அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். இந்த வீட்டில் எல்லாம் ஒரு முறை துலைந்தவர்கள். தகப்பனுக்கும் இடது காது 2009 இல் யுத்தத்தில் செல் விழுந்து வெடித்ததோடு போனது. தனக்கென்று ஒரு நாளும் கிளினிக்குக்கு வந்ததில்லை. சட்டையில் ஊசி குத்தி, நூல் கட்டிக் கருவியோடு இணைக்கிற விதத்தைக் காட்டினேன். பிள்ளைக்குப் போட்டுவிட்டேன். வெளியே மயில் கத்தியது. திரும்பிப் பார்த்தாள்.

பற்றரி வவுனியாவில்தான் வாங்கவேண்டும். அது வேறு கதை.

யூலை 1, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் ஒரு சொல்லும் கதைக்காத பெடியன். இரண்டாம் வகுப்பு. ‘ஊமை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போனேன். வேலிக்கு வெளியே நிற்கும்போதே உள்ளே யாரோ கோழியைக் கண்டபடி திட்டுகிற சத்தம். படலையைத் திறந்ததும் நின்றுவிட்டது.

தாய் கார்மென்ட்ஸ், விடிய ஐந்தரைக்கு பஸ். அம்மம்மாதான் பார்க்கிறார். “பிள்ளை, வீட்டில இவன்ர வாய் ஓயாது. அங்க போனா என்னவோ பூட்டுப் போட்ட மாதிரி.”

நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை, அவனைப் பார்க்கவும் இல்லை. அம்மம்மா பாலைப்பழம் கொண்டுவந்தார், திண்ணையில் இருந்து சாப்பிட்டேன். பாலைப்பழத்தின் பால் தெரியும்தானே, நாலு பழத்தில் உதடு இரண்டும் பசை போட்டு ஒட்டிவிடும். “ஐயோ, வாய் திறக்குதில்லை” என்று பொதுவாகச் சொன்னேன். கதவுக்குப் பின்னாலிருந்து, என்னிடம் அல்ல, அம்மம்மாவிடம்: “தேங்காயெண்ணெய் பூசச் சொல்லுங்கோ.”

பூசினேன். விட்டது.

இது அடம் இல்லை, பதற்றம். சில இடங்களில், சில ஆட்கள் முன்னால் குரல் வராது. ‘வணக்கம் சொன்னால் பேனை தருவேன்’ என்று வகுப்பில் ஆசை காட்டியிருக்கிறார்கள். அதில் பூட்டு இன்னும் இறுகும். மணி அடிக்கிறதுக்கு முதல் அம்மம்மாவும் அவனும் வெறும் வகுப்பறையில் இருந்து விளையாடட்டும். அவன் அங்கே கதைக்கப் பழகிய பிறகு ரீச்சர் வாசலில் கொப்பி திருத்தட்டும், பிறகு உள்ளே வரட்டும். மெல்ல, நாட்கணக்கில். ரீச்சர் ஒத்துக்கொண்டார். அம்மம்மாவுக்குத்தான் விடிய வேலை கூடும்.

யூலை 8, செவ்வாய்

படங்கள். நாங்கள் படித்த காலத்தில் பாவித்த அட்டைகளில் பனிமனிதனும் அணிலுக்குப் பக்கத்தில் ஏதோ சீமைக் கொட்டையும் இருந்தன. ஒரு பிள்ளை பனிமனிதனைப் பார்த்து ‘பிள்ளையார்’ என்றது. வெள்ளை, உருண்டை, மூக்கு நீளம். நான் சரி போட்டேன்.

இப்போது தரம் 10 படிக்கிற ஒரு பிள்ளை கீறித் தருகிறாள்: உழவு மிஷின், வரம்பு, குளக்கட்டு, மயில், துலா, யானை வேலி. யானையை வேலிக்கு இந்தப் பக்கம் கீறியிருக்கிறாள். சரிதான்.

இந்தியாவில் அச்சான ஒரு பயிற்சிப் புத்தகம் ழகரத்தைத் தனியாகச் சோதிக்கச் சொல்கிறது. இங்கே வீட்டில் எல்லோருக்கும் வாழைப்பழம் ளகரத்தில்தான் வரும், எனக்கும்தான். அந்தப் புத்தகத்தின்படி அதிபர் உட்பட முழு வன்னியும் என் கிளினிக்கில் வரிசையில் நிற்கவேண்டும்.

யூலை 15, செவ்வாய்

தரம் 3 பிள்ளையின் சோதனை முடிவு வந்துவிட்டது. காது இரண்டும் சரி.

இன்றைக்கு ‘முதல்’, ‘பிறகு’ வேலை. படக்கதையை விட்டுவிட்டேன். தகப்பன் சிறுபோகம் விதைத்திருக்கிறார். வயலுக்கு எப்படித் தண்ணி பாய்ச்சுகிறது என்று கேட்டேன். வாயால் வரவில்லை. மண்ணில் காட்டச் சொன்னேன். குச்சியால் வாய்க்கால் கீறி, வரம்பு கட்டி, ஒரு கல்லை எடுத்து அடைப்பு வைத்து, பிறகு கல்லை எடுத்து அடுத்த பாத்திக்கு மாற்றினாள். ஒரு படியும் பிழையில்லை. ஒழுங்கு முழுக்கக் கையில் இருக்கிறது, சொல் மட்டும்தான் இல்லை. கல்லை எடுக்கும்போது நான் “முதல்” என்றேன், மாற்றும்போது “பிறகு” என்றேன். திரும்பத் திரும்ப. கடைசியில் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, “முதல் இதை வெட்டி விடுறது. பிறகு அங்கால” என்றாள். ரீச்சர் பக்கத்தில் நின்று பார்த்தது நல்லதாய்ப் போயிற்று.

ரீச்சர் செய்யப்போவது: கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருப்பது. நீட்டு வசனத்தை இரண்டாக உடைப்பது. பாடத்துக்கு வருகிற புதுச் சொல்லை முதல் நாளே படமாகக் காட்டுவது. வகுப்பில் பதினொரு பிள்ளைகள்தான், ஆனால் தரம் 4 உம் அவர் தலையில். அதையும் பார்க்கவேண்டும்.

பரீட்சையில் வினாவை வாசித்து விளங்கப்படுத்த ஆள் கேட்டு வலயத்துக்குக் கடிதம் எழுதவேண்டும். பிள்ளை கெட்டித்தனமாக எழுதுகிறாளே, பிறகு என்ன உதவி என்று கேட்பார்கள். கொப்பிப் பிரதியையும் அந்தப் பென்சில்–புத்தகச் சோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பப்போகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. போனால் வாசிக்கமாட்டார்கள்.