வெளிநாட்டு உதவி டாபிக்ல டிபேட் பண்ணப் போறீங்களா? நான் அடி வாங்கின கதைய படிச்சுட்டுப் போங்க

"உள்நாட்டுல ஏழைங்க இருக்குற வரைக்கும் மக்களோட வரிப்பணத்த வெளிநாட்டு உதவிக்கு செலவு பண்ணக் கூடாது." இந்த ஒரே தலைப்பு, வார்த்தை கொஞ்சம் மாறி மாறி, எனக்கு மூணு தடவ வந்துச்சு. ரெண்டு தடவ டிபேட், ஒரு தடவ கட்டுரைத் தேர்வு. முதல் தடவ மானம் போச்சு, அதனாலதான் மத்த ரெண்டும் உருப்பட்டுச்சுன்னு நினைக்கிறேன்.

முதல் தடவ நான் எதிர் அணி, அதாவது உதவி பண்ணலாம்னு பேசணும். நைட்டு முழுக்க உக்காந்து பாயிண்ட் எழுதி, மனிதநேயம், சகோதரத்துவம்னு உருகி உருகி பேசிட்டு, நடுவுல கெத்தா "ஐநா கேக்கறதே பட்ஜெட்ல வெறும் 0.7 சதவீதம்தான்"னு ஒரு போடு போட்டேன். எதிர்ல இருந்த பொண்ணு எந்திரிச்சு ஒரே கேள்வி, "பட்ஜெட்லயா, தேசிய வருமானத்துலயா?" அவ்ளோதான். எனக்கு ரெண்டும் வேறன்னே அப்ப தெரியாது. மிச்சம் இருந்த ரெண்டு நிமிஷம் என்ன பேசினேன்னு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் இல்ல.

அந்த 0.7ங்கறது 1970ல ஐநா பொதுச்சபை தீர்மானத்துல வந்த இலக்கு, மொத்த தேசிய வருமானத்துல 0.7 சதவீதம், பட்ஜெட்ல இல்ல. ஒரு நாட்டோட அரசு செலவு தேசிய வருமானத்துல 40 சதவீதம்னு வெச்சுக்கோங்க, அப்ப அதே 0.7 பட்ஜெட் கணக்குல 1.75 சதவீதம் ஆயிடும். ரெண்டு மடங்குக்கும் மேல! ஆதரவு அணி, அதாவது உதவி கூடாதுங்கற பக்கம், பெரிசா காட்டணும்னா பட்ஜெட் கணக்க எடுக்கும், எதிர் அணி சின்னதா காட்டணும்னா வருமானக் கணக்க எடுக்கும், ரெண்டும் பொய் இல்ல. அதனால யார் சதவீதம் சொன்னாலும் முதல்ல "எதுல?"ன்னு கேளுங்க, நீங்க சொல்லும்போது யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

இதுலயே இன்னொரு சமாச்சாரம். அமெரிக்காவுல பல வருஷமா கருத்துக்கணிப்பு எடுக்கறாங்க, பட்ஜெட்ல எவ்ளோ வெளிநாட்டு உதவிக்குப் போகுதுன்னு கேட்டா சராசரியா கால் பங்குங்கற மாதிரி பதில் வருது, நிஜத்துல அது 1 சதவீதத்த ஒட்டித்தான் இருந்துச்சு. மக்கள் கோவமா இருக்காங்கன்னு பேசறதுக்கு முன்னாடி எந்த நம்பர நினைச்சு கோவப்படறாங்கன்னு பாக்கணும் இல்லையா. ஆனா இத மட்டும் வெச்சு ஜெயிச்சுடலாம்னு நினைக்காதீங்க, "சின்ன தொகைன்னா வீணாக்கலாமா?"ன்னு திருப்பி கேட்டா பதில் வேணும்.

ரெண்டாவது தடவ சீட்டு குலுக்கினதுல நான் ஆதரவு அணி. உதவி கூடாதுன்னு பேசணும். மனசுக்கு ஒட்டவே இல்ல, ஆனா உண்மைய சொன்னா அந்தப் பக்கம் படிச்சப்பதான் விஷயமே புரிஞ்சுது. "தனக்கு மிஞ்சித்தான் தானம்"னு ஆரம்பிக்கறதுதான் எல்லாருக்கும் முதல்ல தோணும், எனக்கும் தோணுச்சு, வெட்டிட்டேன். எதிர்ல இருக்கறவங்க பெரும்பாலும் ஒரு சங்கப் பாட்டு வரியோட வருவாங்க, நீங்க ஒரு பழமொழி, அவங்க ஒரு செய்யுள், ஜட்ஜ் கொட்டாவி விடுவார்.

அதுக்கு பதிலா நான் எடுத்தது மலேசியாவுல பெர்காவ் அணை. பிரிட்டன் தன் உதவி நிதியிலேர்ந்து 23.4 கோடி பவுண்ட் குடுக்க ஒத்துக்கிட்ட திட்டம். இது காசுக்கு தேறாத திட்டம்னு அந்தத் துறையோட உயர் அதிகாரியே எழுதி வெச்சும் அரசு கேக்கல. பின்னாடி இதுக்கும் ஆயுத விற்பனைக்கும் இருந்த தொடர்பு வெளிய வந்து பெரிய பிரச்சனை ஆச்சு, 1994ல லண்டன் உயர் நீதிமன்றமே இந்த செலவு சட்டவிரோதம்னு சொல்லிடுச்சு. ஒரே உதாரணம்தான், ஆனா வரிப்பணம், உதவிங்கற பேர்ல வியாபாரம், கோர்ட்னு எல்லாமே அதுக்குள்ள இருக்கு. மூணு நிமிஷம் இதையே பேசினேன்.

அப்புறம் "உதவி"ன்னு கணக்குல எழுதறது எல்லாம் ஏழை நாட்டுக்குப் போய் சேருதான்னு ஒரு கிளை பிரிச்சேன். பணக்கார நாடுங்களோட கணக்கு விதிப்படி, அகதிங்கள தன் நாட்டுக்குள்ளயே முதல் வருஷம் தங்க வைக்கற செலவையும் வெளிநாட்டு உதவியா காட்டிக்கலாம். 2022ல பிரிட்டன் உதவித் தொகையில கிட்டத்தட்ட 29 சதவீதம் அப்படி பிரிட்டனுக்குள்ளயே செலவான காசு. அமெரிக்கா அனுப்பற உணவு உதவியில குறைஞ்சது பாதி அமெரிக்கக் கொடி போட்ட கப்பல்லதான் போகணும்னு சட்டம், கப்பல் வாடகை அதிகம்னாலும். எதிர் அணி இதுக்குத் தயாரா வரல. அந்த ரவுண்ட் ஜெயிச்சோம்.

ஆனா எதிர் அணி மட்டும் பெரியம்மைய எடுத்திருந்தா நான் காலியாகியிருப்பேன். 1967ல தீவிரமா ஆரம்பிச்ச ஒழிப்புத் திட்டம், 1980ல நோயே இல்லன்னு அறிவிச்சாங்க, மொத்த செலவு சுமார் 30 கோடி டாலர், அதுல மூணுல ஒரு பங்குதான் வெளி உதவி. குடுத்த பணக்கார நாடுங்களும் அதுக்கப்புறம் தங்களோட ஊர் குழந்தைங்களுக்கு அந்த ஊசி போடறதையே நிறுத்திட்டாங்க, அந்த செலவு வருஷா வருஷம் மிச்சம். வரி கட்டினவனுக்கே லாபமா திரும்பி வந்த உதவி இது. நீங்க எந்தப் பக்கம் பேசினாலும் பெர்காவ், பெரியம்மை ரெண்டையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க, ஒண்ணு அடிக்க, ஒண்ணு தடுக்க.

கட்டுரைத் தேர்வு வேற மாதிரி, அங்க ஜெயிக்க யாரும் இல்ல, ஆனா "ஒருபுறம், மறுபுறம்"னு எழுதிட்டு "சமநிலை தேவை"ன்னு முடிச்சா மார்க் வராது. நான் "குடுக்கலாமா வேண்டாமா"ங்கறத ரெண்டே பாராவுல முடிச்சுட்டு, மிச்சம் முழுக்க எந்த வழியா குடுத்தா யார் கேள்வி கேக்க முடியும்னு எழுதினேன். மானியமா கடனா, பணம் நேரா அரசு கஜானாவுக்கா இல்ல திட்டத்துக்கா, கணக்க யார் தணிக்கை பண்றாங்க. கஜானாவுக்குக் குடுத்தா ஒரு சிக்கல் இருக்கு, நீங்க பள்ளிக்கூடத்துக்குன்னு குடுப்பீங்க, அவங்க பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியிருந்த சொந்தக் காச எடுத்து துப்பாக்கி வாங்குவாங்க, ரசீதுல எல்லாம் சரியா இருக்கும். இத எழுதின இடத்துலதான் நல்ல மார்க் விழுந்துச்சுன்னு என் நம்பிக்கை, பேப்பர யாரும் திருப்பித் தரல.

ஒரு எச்சரிக்கை, பழைய நோட்ஸ வாங்கி அப்படியே ஒப்பிச்சுடாதீங்க. பிரிட்டன் 0.7 குடுக்கணும்னு 2015ல சட்டமே போட்டுச்சு, 2021ல 0.5க்கு இறக்கிடுச்சு, 2027க்குள்ள 0.3 ஆக்கப் போறதா 2025ல சொல்லிடுச்சு. 1961ல ஆரம்பிச்ச, அமெரிக்காவோட வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு 2025 ஜூலையோட கத முடிஞ்சு வெளியுறவுத் துறைக்குள்ள போயிடுச்சு. என் சீனியர் குடுத்த ஃபைல்ல பிரிட்டன் இன்னும் 0.7 குடுத்துட்டுதான் இருக்கு. அத நான் ஜூனியருக்குக் குடுக்கும்போது ஒவ்வொரு நம்பர் பக்கத்துலயும் சிவப்பு பேனாவுல வருஷம் எழுதித்தான் குடுத்தேன், பாதி பக்கத்த கிழிச்சும் போட்டேன்.