லாலாங் புல்லுக்கு எந்தப் பச்சை?

மாதிரி ரயில் வைத்திருப்பவர்கள் கூடினால் பேச்சு முழுக்க எஞ்சினைப் பற்றித்தான் இருக்கும். எந்த வகை, எந்த வருடத்துப் பெட்டி, மோட்டார் சத்தம் போடுகிறதா இல்லையா. எனக்கு ரயிலைவிட அது ஓடுகிற ஓரம்தான் முக்கியம். மண், புல், கால்வாய், சுவரில் வழிந்த மழைக்கறை, இதெல்லாம் சரியாக அமைந்துவிட்டால் மேலே எந்த எஞ்சினை வைத்தாலும் கண் ஏற்றுக்கொள்ளும். ஆனால் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்வதில் ஒரு தொல்லை. கடையிலும் இணையத்திலும் கிடைக்கிற புல், மரம், தூள் எல்லாம் ஜெர்மனி, இங்கிலாந்து, ஜப்பான் நிலத்தைப் பார்த்துச் செய்தவை. பாக்கெட்டில் வசந்தம், கோடை, இலையுதிர்காலம் என்று போட்டிருக்கும். நமக்கு இருப்பது மழை பெய்த மதியம், மழை பெய்யாத மதியம், அவ்வளவுதான்.

நான் செய்துகொண்டிருப்பது பழைய கேடிஎம் (மலேசிய ரயில்வே) பாதையில் புக்கிட் தீமா பக்கத்துத் துண்டு ஒன்று. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை போன அந்தப் பாதையில் கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு போனது. இப்போது அது 24 கிலோமீட்டர் நடைபாதை. தண்டவாளத்தைப் பெரும்பாலும் பிடுங்கிவிட்டார்கள் என்றாலும் புக்கிட் தீமா நிலையமும் இரும்புப் பாலங்களும் அப்படியே இருக்கின்றன. நிலையத்தைப் புதுப்பித்து 2022இல் திறந்தார்கள். ஆக, மாடல் செய்கிறவனுக்குப் பழைய படத்தைத் தேடி அலைகிற வேலை பாதிதான், மீதியை நேரில் போய்ப் பார்த்துவிடலாம்.

அளவு 1:150, அதாவது நிஜத்தில் 150 மில்லிமீட்டர் இங்கே ஒரு மில்லிமீட்டர். ஜப்பானிய N கேஜ். தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர், 150ஆல் பெருக்கினால் 1,350 வரும், ஆனால் கேடிஎம் மீட்டர் கேஜ், அதாவது 1,000தான். இதைச் சொல்லி யாராவது வம்புக்கு வந்தால், ஜப்பான்காரர்களே தங்களுடைய 1,067 மில்லிமீட்டர் பாதையை இதே 9 மில்லிமீட்டரில்தான் ஓட்டுகிறார்கள் என்று சொல்லி வாயை அடைத்துவிடலாம். மீட்டர் கேஜுக்கு 1:87 அளவில் 12 மில்லிமீட்டர் பாதை உண்டு, அது சுத்தமான கணக்கு, ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில் அதற்கு இடம் கேட்டால் வீட்டில் நம்மை வெளியே போகச் சொல்வார்கள்.

என் பலகை 120க்கு 60 சென்டிமீட்டர். நிஜத்தில் அது 180 மீட்டர் நீளம். 24 கிலோமீட்டரையும் இந்த அளவில் செய்ய வேண்டுமென்றால் 160 மீட்டர் வேண்டும், எங்கள் புளோக்கின் பொதுத்தாழ்வாரத்தை மாடி மாடியாக வாடகைக்குக் கேட்க வேண்டியதுதான். சின்னப் பலகையின் உண்மையான சிக்கல் நீளம் இல்லை, வளைவு. 25 சென்டிமீட்டர் ஆரத்தில் ரயில் திரும்பும், அது நிஜத்தில் 37 மீட்டர். அப்படி ஒரு வளைவில் நிஜ கேடிஎம் ரயில் திரும்பாது. அதனால் இரண்டு முனையிலும் வளைவைக் காட்டால் மறைக்கிறோம். நல்ல வேளை, மறைப்பதற்குக் காடு நம் ஊரில் தாராளமாக உண்டு. பாலைவனத்தை மாடல் செய்கிறவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அடித்தளத்துக்கு வெப்பத்தடுப்பு வேலைக்குப் பயன்படுத்தும் அடர்த்தியான நுரைப்பலகை, கத்தியால் வெட்டிச் சீவலாம். ஈரச்சந்தையில் மீன் வந்து இறங்குகிற வெள்ளைப் பெட்டியும் கிடைக்கும்தான், ஆனால் அது மணிமணியாக உதிர்ந்து வீடெல்லாம் பறக்கும், அப்புறம் அந்த வாசனை. மேலே பிளாஸ்டர் துணியை நனைத்துப் போட்டால் மேடு பள்ளம் தயார். இதுவரை எல்லா ஊருக்கும் ஒரே வேலைதான்.

மண்ணில்தான் ஊர் தெரிய ஆரம்பிக்கிறது. பாக்கெட் மண் சாக்லேட் பழுப்பு. நம் பக்கத்து மண் ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த செம்மண், வெட்டிய சரிவில் பார்த்தால் சட்டென்று தெரியும். இதற்கு நிஜ மண்ணே சிறந்தது. ஆனால் பூங்காவிலிருந்து ஒன்றும் அள்ளிக்கொண்டு வரக்கூடாது, நம் வீட்டுப் பூந்தொட்டி மண்ணைப் பாருங்கள், இல்லையென்றால் செடிக்கடையில் ஒரு பை வாங்குங்கள். அதை மிக நுண்ணிய சல்லடையில் சலிக்க வேண்டும், 1:150இல் ஒரு மில்லிமீட்டர் மணல் என்பது 15 சென்டிமீட்டர் பாறை. பிறகு தட்டில் பரப்பி அடுப்பில் சூடாக்கி எடுத்தால் பூச்சி, முட்டை, பூஞ்சை எல்லாம் போகும். "சாப்பாடு வைக்கிற ஓவன்ல மண்ண வச்சுச் சுடுறான் பாரு" என்று அம்மா தொலைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாக ஒன்று, இதைத் தவிர்க்கவே கூடாது: மண்ணின் மேல் ஒரு வலுவான காந்தத்தை, காகிதம் சுற்றி, மெதுவாக நகர்த்துங்கள். செம்மண்ணில் இரும்பு இருக்கிறது, அதில் காந்தத்தில் ஒட்டக்கூடிய துகளும் கலந்திருக்கும். அது எஞ்சின் மோட்டாரின் காந்தத்துக்குள் போய்விட்டால் நிலக்காட்சிச் செலவோடு எஞ்சின் செலவும் சேர்ந்துகொள்ளும்.

ஜல்லிக்கும் அதே சல்லடைக் கணக்குதான். நிஜ ஜல்லி ஐந்து சென்டிமீட்டர் என்றால் இங்கே மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, சொட்டுக்குழாயால் இட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் கரைசல் உள்ளே இறங்காமல் உருண்டு நிற்கும். கேடிஎம் பாதையில் ஜல்லி ஒரே சாம்பல் நிறமாக இருந்ததில்லை. நிலையத்தில் ரயில் நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறுப்பு, மற்ற இடத்தில் துருப்பழுப்பு, இடையிடையே களை.

இனி பச்சை. இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம். இங்கே நான் பார்க்கிற பல லேஅவுட்களில், அதாவது மாதிரி ரயில் பலகைகளில், எல்லாம் பளிச்சென்ற ஒரே பச்சை, பார்த்தவுடன் இங்கிலாந்துப் புல்வெளி. நம் ஊர்ப் பச்சை அடுக்கடுக்காக இருக்கும். கீழே கிட்டத்தட்ட கறுப்பு, அதற்குமேல் கரும்பச்சை, வெயில் படும் நுனியில் மட்டும் மஞ்சள் கலந்த பச்சை, நடுவில் பழுத்த இலை, காய்ந்த ஓலை. ஆண்டு முழுக்க ஒரு மரம் தளிர்க்கும்போது பக்கத்து மரம் உதிர்க்கும். அதனால் நான் எந்தத் தூளையும் பாக்கெட்டில் வந்தபடி போடுவதில்லை. மூன்று நான்கு பச்சையைக் கலந்து, அதில் வைக்கோல் நிறமும் கொஞ்சம் சேர்த்துத்தான் போடுவேன். ஒட்டி முடித்த பிறகு அடிப்பாகத்தில் நீர்த்த கறுப்பு வண்ணம் கொஞ்சம் தெளித்தால் காட்டுக்குள் இருட்டு வந்துவிடும்.

பாதையோரத்து லாலாங் புல் இடுப்புயரம் வளரும். ஒரு மீட்டர் என்றால் நமக்கு ஏழு மில்லிமீட்டர், ஆக ஆறு மில்லிமீட்டர் நைலான் இழை பொருத்தம். இதை நட்டுக்குத்தாக நிற்க வைக்க ஸ்டாட்டிக் கருவி வேண்டும். கருவியின் சல்லடைக்கு உயர் மின்னழுத்தம் போகும், இன்னொரு கம்பியை ஈரப்பசையில் குத்திய ஊசியில் மாட்டுவோம், இழைகள் மின்புலத்தின் வழியே நேராக வந்து பசையில் குத்தி நிற்கும். வெளிநாட்டு வீடியோவில் இது மந்திரம் மாதிரி நடக்கும். இங்கே சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாக விழும். கருவியைக் குறை சொல்லாதீர்கள். இழைகளைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் பூட்டி வைத்து, அறையில் குளிர்சாதனத்தை ஓடவிட்டு, அறை நன்றாக உலர்ந்த பிறகு வேலையைத் தொடங்கினால் ஒழுங்காக நிற்கும். கலவையில் பாதிக்கு மேல் வைக்கோல் நிறம், மீதி பச்சை. நுனியில் வெள்ளைப் பூவுக்கு ஸ்பாஞ்சில் தொட்டு ஒரு தடவல், போதும். முழுப் பச்சையில் லாலாங் செய்தால் அது நெல்வயல் ஆகிவிடும்.

மரத்தில் எனக்குப் பிடித்தது தூங்குமூஞ்சி மரம். சாலையோரமெல்லாம் குடை விரித்து நிற்கிறதே, அது. பெரிய மரம் 25 மீட்டர் வரை உயரும், விரிவு அதைவிட அதிகமாகக்கூட இருக்கும், ஆக 15 சென்டிமீட்டர் உயரம், 18 சென்டிமீட்டர் அகலம். கடை மரங்கள் எல்லாம் உருண்டை அல்லது கூம்பு, இதற்கு ஆகாது. பழைய மின்கம்பியை உரித்து, செம்பு இழைகளை முறுக்கிக் கிளை கிளையாகப் பிரித்து, மேலே தட்டையாக விரிக்க வேண்டும். மேற்பரப்பில் மட்டும் மெல்லிய இலைத்தூள், கீழே கிளைகள் வெறுமனே தெரிய வேண்டும், அதுதான் அந்த மரத்தின் அடையாளம். கிளைக்கவட்டில் ஒட்டிவளரும் பெரணிச் செடிகளை வைக்க மறக்காதீர்கள். வாழைக்குப் பச்சை வண்ணம் அடித்த டிரேசிங் தாளை ஒன்றரை சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாக வெட்டி, ஓரத்தைக் கத்தரியால் கிழித்துவிட வேண்டும். கிழியாத வாழையிலை பந்தியில்தான் இருக்கும், ரயில் பாதை ஓரத்தில் இருக்காது.

கான்கிரீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மழைநீர்க் கால்வாய் இல்லாத சிங்கப்பூர் லேஅவுட்டைப் பார்த்தால் எனக்கு என்னவோ உறுத்தும். அட்டையில் செய்வது சுலபம், நிறம்தான் வேலை. புதுச் சுவருக்கு மட்டும்தான் சாம்பல் நிறம். நாளானால் மேல்விளிம்பிலிருந்து கறுப்பும் பாசிப்பச்சையும் கோடுகளாக இறங்கும், கால்வாயில் தண்ணீர் நிற்கிற மட்டம் வரை அடர்த்தியாக இருக்கும். நீர்த்த வண்ணத்தை மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள், குறுக்கே ஒரு கோடும் வேண்டாம்.

பிறகு, இது என் சொந்த ஆசை, பாதையோரத்தில் ஒரு சின்ன முனீஸ்வரர் கோயில். குவீன்ஸ்டவுனில் காமன்வெல்த் டிரைவில் இப்போது பெரிதாக நிற்கிற முனீஸ்வரன் ஆலயம் 1932இல் ரயில்வேத் தொழிலாளர்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தொடங்கிய சிறு கோயில்தான். அதே வருடம்தான் தஞ்சோங் பகார் நிலையமும் திறந்தது. என் பலகை புக்கிட் தீமா, கோயில் இருந்தது குவீன்ஸ்வே பக்கம், பூகோளம் இடிக்கிறது, தெரிந்துதான் வைத்திருக்கிறேன். பாதையோரத்தில் நம் ஆட்களின் தடம் ஒன்றுகூட இல்லாமல் இந்த ரயிலைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒரு தகரக் கொட்டகை, நெளிதகரத்துக்கு அலுமினியத் தாளை நெளித்துக்கொள்ளலாம், முன்னால் இரண்டு சென்டிமீட்டர் சூலம், அதாவது நிஜத்தில் மூன்று மீட்டர். பக்கத்து மரத்தடியில் சுற்றிய மஞ்சள் துணிக்கு ஒரு நூல்.

வெளிச்சத்தை எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள், முதலிலேயே யோசித்திருந்தால் பாதி வேலை மிச்சம். நாம் பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறோம், நடுப்பகலில் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு மேல், நிழல் காலடியில். அதனால் எல்இடி பட்டையைப் பலகைக்கு நேர் மேலே கட்டுங்கள், முன்பக்கத்திலிருந்து சாய்த்து அடித்தால் ஐரோப்பிய மாலைப் பொழுது வந்துவிடும். பின்திரையில் கருநீல வானமும் வேண்டாம், வெளிறிய மேகம் போதும். தூரத்தில் புளோக் வரைவதானால் 12 மாடிக்கு உண்மை அளவு 22 சென்டிமீட்டர், அதைப் பாதியாகக் குறைத்தால்தான் தூரம் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் ரயிலை ஓட்டுவதற்கு முன் தண்டவாளத்தின் மேல்முகத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள், உலர்ந்த பசைப் படலம் ஒட்டியிருந்தால் மின்சாரம் போகாது. உதிரி இழைகளை உறிஞ்சும்போது தூசி உறிஞ்சியின் வாயில் ஒரு பழைய காலுறையைக் கட்டிக்கொள்ளுங்கள், விழுந்த புல் எல்லாம் திரும்பக் கிடைக்கும், அந்த டப்பா விலைக்கு விழுந்ததை விடலாமா? இன்னும் கால்வாய்க்குத் தண்ணீர் ஊற்றவில்லை. தண்ணீர் போலத் தெரிவதற்கு ஊற்றுகிற ரெசினை இந்த ஈரத்தில் ஊற்றி மேற்பரப்பு மங்காமல் இறுக வைத்தவர்கள் யாராவது இருந்தால், எந்த வகை, எவ்வளவு கனத்தில் ஊற்றினீர்கள் என்று சொல்லுங்கள், ஊற்றுவதற்கு முன் கேட்டுக்கொள்கிறேன்.