குடும்பத்தோடு கேம்ப்பிங் போக எந்த வண்டி? முதலில் எடையைப் பாருங்கள்

கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி) எவ்வளவு, ஃபோர் பை ஃபோர் இருக்கிறதா. பெரும்பாலானவர்கள் இந்த இரண்டு கேள்விகளோடுதான் ஷோரூமுக்குள் நுழைகிறார்கள். நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து போவதென்றால் அது போதும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், சில சமயம் பாட்டி, கூடவே டென்ட், போர்வை, அடுப்பு, தண்ணீர் கேன் என்று கிளம்பும் வண்டிக்கு முதல் கேள்வி வேறு: இது எத்தனை கிலோ தாங்கும்?

இந்தக் கணக்கை சேல்ஸ்மேன் சொல்ல மாட்டார், நாம்தான் போட வேண்டும். வண்டியின் மொத்த அனுமதி எடையிலிருந்து கெர்ப் வெயிட்டை, அதாவது ஆளும் சாமானும் ஏறாத வண்டியின் எடையை, கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய எடை. கெர்ப் வெயிட்டில் ஓட்டுநர் சேர்த்தி இல்லை என்பதை மறக்கக் கூடாது. மாருதி ஜிம்னியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த அனுமதி எடை 1,545 கிலோ. கெர்ப் வெயிட் வேரியண்டைப் பொறுத்து 1,195 முதல் 1,210 வரை. ஆட்டோமேட்டிக் என்றால் மிச்சம் 335 கிலோ. அப்பா 75, அம்மா 60, பெரியவன் 40, சின்னவள் 30 என்று நாலு பேருக்கு 205 போய்விட்டது. பாக்கி 130. இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன் 40, நாலு பேர் டென்டும் தரைவிரிப்பும் 10, படுக்கை போர்வை 12, அடுப்பு, கேஸ், பாத்திரம் 10, நிரப்பிய ஐஸ் பெட்டி 20, துணிப்பைகள் 20, கம்ப்ரசர், கயிறு, மண்வெட்டி, டூல்ஸ் 15. கூட்டினால் 127. மூன்று கிலோதான் மீதி. இதற்கு மேல் 55 கிலோ ரூஃப் டென்ட் ஒன்றைக் கூரையில் ஏற்றினால் வண்டி வீட்டு வாசலிலேயே அளவைத் தாண்டிவிடும்.

அளவு தாண்டினால் உடனே எதுவும் உடைந்துவிடாது. அதனால்தான் பலருக்கு இது உறைப்பதில்லை. பின் ஸ்பிரிங் அமுங்கி, ஒவ்வொரு குழியிலும் பம்ப் ஸ்டாப்பில் (ஸ்பிரிங் முழுக்க அமுங்கினால் தடுக்கும் ரப்பர்) டம் டம்மென்று இடிக்கும். டயரின் பக்கச்சுவர் சூடாகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி முடிக்கும்போது பிரேக் வாசனை வரும், பெடல் உள்ளே போகும். மேனுவல் வண்டியாக இருந்தால் ஏற்றத்தில் கிளட்ச் கருகும். சந்தேகம் இருந்தால் குடும்பத்தையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கிற எடை மேடைக்கு ஒருமுறை போய் வாருங்கள். கொஞ்சம் காசில் சந்தேகம் தீர்ந்துவிடும். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒருமுறை, முழு வண்டியோடு ஒருமுறை என்று எடுத்தால் பின்னால் எவ்வளவு பாரம் உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியும்.

கூரைக்குத் தனிக் கணக்கு. நிற்கும்போது தாங்கும் எடை ஒன்று, ஓடும்போது தாங்கும் எடை வேறு. ரூஃப் டென்ட் விற்பவர்கள் முதலாவதைச் சொல்வார்கள். கையேட்டில் இருப்பது இரண்டாவது. கேரியரின் எடையும் டென்டின் எடையும் சேர்ந்து இந்த இரண்டாவது எண்ணுக்குள் அடங்க வேண்டும். மேலே ஏறும் எடை வளைவில் வண்டியைச் சாய்க்கும், பின் சீட்டில் இருக்கிற பிள்ளைக்கு வாந்தி வரும். குடும்பத்துக்குத் தரையில் போடும் டென்ட்தான் என் கட்சி.

அடுத்தது டிரைவ். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் குடும்பங்கள் உண்மையில் கூடாரம் அடிக்கிற இடங்கள் எவை? வால்பாறை, ஏற்காடு, வாகமண் பக்கத்துத் தனியார் எஸ்டேட்கள், பண்ணைகள், ஆற்றோரத் தோட்டங்கள். தார் ரோட்டை விட்டு ஒன்றிரண்டு கிலோமீட்டர் கல் பாதை, ஈரப் புல், ஒரு செங்குத்தான திருப்பம், அவ்வளவுதான். அதைத் தாண்டிக் காட்டுக்குள் வண்டியை விடச் சட்டமே இடம் தராது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பந்திப்பூர் வழியே இரவு 9 மணி முதல் காலை 6 வரை போக்குவரத்துக்கே தடை. யூடியூபில் பார்க்கிற பாறை ஏற்றத்துக்காகப் பணம் கொட்டுவதற்கு முன் அந்தப் பாறை எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள்.

அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரில் முன் சக்கர டிரைவ் கார்கள் திணறுவதற்குக் காரணம் கிளியரன்ஸ் மட்டும் இல்லை. டிக்கி நிறையச் சாமான், பின் சீட்டில் மூன்று பேர், வண்டி ஏற்றத்தில். பாரம் முழுக்கப் பின்னால் சாய்கிறது, முன் சக்கரம் லேசாகிறது, சரளையில் சுற்றுகிறது. இதே நிலைமையில் பின் சக்கர டிரைவ் வண்டிக்குப் பிடி கூடும். இன்னோவா கிரிஸ்டா பின் சக்கரம், ஹைகிராஸ் முன் சக்கரம். டூரிஸ்ட் டிரைவர்கள் மலைக்குக் கிரிஸ்டாவைக் கேட்பதில் இதுவும் ஒரு காரணம். முன் சக்கர வண்டிதான் கையில் இருக்கிறது என்றால், ஏற்றத்துக்கு முன் பின் சீட்டுக்காரர்களை இறக்கி நடக்கவிடுங்கள். பாதி நேரம் அதிலேயே ஏறிவிடும்.

கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப், எக்ஸ்யூவி700 ஆல் வீல் டிரைவ் போன்ற மோனோகாக் (பாடியும் சட்டமும் ஒன்றேயான) வண்டிகள் ஈரப் புல்லுக்கும் சரளைக்கும் தாராளம். லோ ரேஞ்ச், அதாவது மெதுவாக அதிக இழுவையோடு ஊர்வதற்கான தனி கியர், கிடையாது. கல் மேல் ஊர்ந்து ஏற வேண்டிய இடத்தில் மேனுவல் என்றால் கிளட்சை அரைத்துத்தான் ஏறும், அங்கேதான் இவற்றின் எல்லை. வருடத்தில் முக்கால்வாசி நாள் ஆபீஸ், பள்ளிக்கூடம், நாலு கேம்ப்பிங் என்று இருக்கிற வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன். ஏணி மாதிரிச் சட்டத்தின் மேல் பாடியை வைத்த லேடர் ஃப்ரேம் வண்டியின் ஆட்டம் நகரத்தில் தினமும் கூடவே வரும்.

லோ ரேஞ்ச் தேவைப்படுகிறவர்களுக்கு இரண்டு விஷயம் புரிந்திருக்க வேண்டும். ஜிம்னி, தார், தார் ராக்ஸ், ஸ்கார்ப்பியோ என் எல்லாமே பார்ட் டைம் ஃபோர் பை ஃபோர்: சாதாரணமாகப் பின் சக்கரத்தில் ஓடும், வேண்டும்போது நாலையும் சேர்க்கலாம். ஃபோர் ஹையில் (நாலு சக்கரமும், சாதாரண கியரில்) போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாது. முறுக்கு, இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறும், ஸ்டியரிங் கல்லாகும், ஒருநாள் உள்ளே பல் போகும். மழை பெய்கிறதே என்று நெடுஞ்சாலை முழுக்க ஃபோர் ஹையில் ஓட்டுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று, நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிறது என்பதால் நாலும் இழுக்கும் என்று அர்த்தமில்லை. ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் சாதாரணமானது என்றால், குறுக்குக் குழியில் எதிரெதிர் மூலையில் இரண்டு சக்கரம் காற்றில் தொங்கினால் அவை மட்டும் சுற்றும், வண்டி அசையாது. இதற்கு ஜிம்னியில் இருப்பது சுற்றுகிற சக்கரத்தைப் பிரேக் பிடித்து எதிர்ப்பக்கம் சக்தியைத் தள்ளும் ஏற்பாடு. ஆக்சிலரேட்டரை விடாமல் சீராகப் பிடித்தால்தான் அது வேலை செய்யும். பயந்து காலை எடுத்தால் நின்றுவிடும். ஃபார்ச்சூனர் ஃபோர் பை ஃபோரில் பின் டிஃபரன்ஷியலைப் பட்டனில் பூட்டலாம். ஃபோர்ஸ் கூர்காவில் முன்னும் பின்னும் பூட்டு உண்டு. லோ ரேஞ்ச் ஏற்றத்துக்கு என்று நினைப்பார்கள். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது அதன் முக்கியமான வேலை இறக்கத்தில்தான்: ஃபோர் லோ, முதல் கியர், பிரேக்கில் கால் வைக்காமல் எஞ்சினே பிடித்துக்கொண்டு இறங்கும்.

கிளியரன்ஸ் எண்ணைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. ஜிம்னி 210 மி.மீ., தார் 226, கூர்கா 233. இவை கீழே எந்த இடத்தை அளந்தவை என்பதுதான் கேள்வி. பின்னால் திட அச்சு உள்ள வண்டியில் தாழ்வான இடம் டிஃபரன்ஷியல் உருண்டை. அது சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும், சாமான் ஏற்றினாலும் அதன் உயரம் மாறாது. பாரம் ஏற ஏறத் தாழ்வது பாடியும், சைலன்சரும், டீசல் டாங்கும். தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள கார்களில் எல்லாமே சேர்ந்து தாழும். காலி வண்டியில் 200 என்று போட்டிருந்தால் முழு பாரத்தில் அந்த 200 இருக்காது. வீல்பேஸ் நீளமும் கணக்கில் வரும். தார் 2,450 மி.மீ., ஜிம்னி 2,590, ராக்ஸ் 2,850. வரப்பு மாதிரி ஒரு மேட்டைத் தாண்டும்போது குட்டையான தார் தாண்டிவிடும், ராக்ஸின் வயிறு தட்டலாம். ஆனால் அந்த நீளத்தில்தான் ராக்ஸுக்கு ஐந்து சீட்டும் ஒழுங்கான டிக்கியும் கிடைக்கிறது. மூன்று கதவுத் தாரில் நாலு பேர் உட்கார்ந்தால் டிக்கி என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. ஜிம்னியில் 208 லிட்டர். ஐஸ் பெட்டியும் ஒரு பையும் வைத்தால் தீர்ந்தது.

ஆக, மாடல்களைப் பற்றி என் தீர்ப்பு: மூன்று பேர் குடும்பம், குறுகலான மலைப் பாதை என்றால் ஜிம்னி, பின் சீட்டில் ஒரு பக்கத்தை மடக்கினால் சாமான் பிரச்சினை தீரும். நாலைந்து பேர் என்றால் டீசல் ராக்ஸ் அல்லது ஸ்கார்ப்பியோ என். இரண்டிலும் ஃபோர் பை ஃபோர் டீசலில் மட்டும்தான். ஸ்கார்ப்பியோவில் மூன்றாவது வரிசையை நிமிர்த்திவிட்டால் சாமானுக்கு இடமில்லை, ஏழு பேர் கேம்ப்பிங் என்ற கனவை அங்கேயே விட்டுவிடலாம். பொலேரோவின் பின்னால் பக்கவாட்டுச் சீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து மலை ஏறுவதை எந்தக் காரணத்துக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூர்கா காட்டுக்கு அருமை, நெடுஞ்சாலையில் பொறுமை வேண்டும், சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது டேப் ஒன்று கொண்டுபோய், பின் சீட்டை மடக்கி, முன் சீட்டு முதுகிலிருந்து பின் கதவு வரை அளந்துவிடுங்கள். மழையில் வண்டிக்குள் படுக்க 180 செ.மீ. வேண்டும், அதுவும் சமதளமாக. பாதி வண்டிகளில் நடுவில் ஒரு படி நிற்கும்.

டீசல் எடுக்கிறவர்கள் டி.பி.எஃப். பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, சீரான வேகத்தில் ஓடும்போதுதான் தன்னை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். வாரம் முழுக்கப் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். வாரம் ஒருமுறை பைபாஸில் 60 கி.மீ. வேகத்துக்கு மேல் ஒரு இருபது நிமிடம் ஓட்ட முடியாத வீட்டுக்குப் பெட்ரோல்தான் நிம்மதி.

பழைய வண்டி வாங்கினால் முதலில் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. சென்னை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மூழ்கியதை மறந்துவிட வேண்டாம். பிறகு மண் தரையில் ஃபோர் ஹை, ஃபோர் லோ இரண்டையும் போட்டு நேராக நூறு மீட்டர் ஓட்டுங்கள். பல வருடம் தொடாத லீவர் இறுகிப்போயிருக்கும். கியரை முன்னும் பின்னும் மாற்றும்போது அடியில் டக் என்று சத்தம் வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் (அச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) கிராஸ் மூட்டு தேய்ந்திருக்கலாம். லேடர் ஃப்ரேமில் புதிய கறுப்புப் பெயின்ட் மட்டும் பளபளத்தால், கீழே துரு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

வாங்கியதும் எல்லாரும் முன்னால் இரும்புக் கம்பி பம்பர் மாட்டத்தான் ஓடுகிறார்கள். மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. ஏர்பேக் சென்சார் வேலையையும் அது கெடுக்கும். அந்தக் காசை டயரிலும் இன்ஷூரன்ஸிலும் போடலாம். எஞ்சின் புரொட்டெக்‌ஷன் ஆட் ஆன் இல்லாத பாலிசியில், தண்ணீர் குடித்து எஞ்சின் உடைந்தால் பொதுவாக ஒரு பைசா வராது. தாருக்கு 650 மி.மீ. தண்ணீர் தாண்டும் திறன் என்று போட்டிருப்பது நின்ற தண்ணீருக்கு. ஓடும் தண்ணீரில் ஒரு அடி ஆழமே சின்ன காரைத் தள்ளிவிடும். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது; சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும்.

டயரில் ஜிம்னிக்குக் கம்பெனி தருவது 195/80 ஆர்15 ஹைவே டயர். அதே அளவில் ஆல் டெர்ரெயின் (எல்லாப் பாதைக்குமான) டயர் மாற்றினாலே ஈரப் புல்லில் வித்தியாசம் தெரியும். சேற்றுக்கான மட் டெர்ரெயின் குடும்ப வண்டிக்கு வேண்டாம்: சத்தம், மழை ரோட்டில் நீளும் பிரேக் தூரம். காற்று அதைவிட முக்கியம். சரளைக்கு 24, 25 பி.எஸ்.ஐ.; தேரிக்காடு மாதிரிச் செம்மணலில் 16 முதல் 18. பதினைந்துக்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். இறக்கிய காற்றோடு தார் ரோட்டில் வேகம் எடுத்தால் டயர் சூட்டில் கிழியும். அதனால் நேராக பேட்டரியில் கிளிப் மாட்டும் கம்ப்ரசர் கட்டாயம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்னது நாலு டயருக்குள் ஃபியூஸைப் போக்கிவிடலாம். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் நனைந்திருந்தால் எந்தக் காற்றும் எந்த டயரும் உதவாது. டயரின் பள்ளமெல்லாம் மண் அடைத்து அது வழுவழுப்பான உருளையாகிவிடும். ஒருநாள் காய விட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கம்பெனி ஜாக் மெத்தென்ற மண்ணில் உள்ளே இறங்கும். அடியில் வைக்க ஒரு அடிக்கு ஒரு அடி கெட்டிப் பலகை ஒன்றைப் பின் சீட்டுக்குக் கீழே போட்டு வையுங்கள். கயிற்றை மாட்ட வண்டியில் எங்கே கொக்கி இருக்கிறது என்று சிக்குவதற்கு முன்பே குனிந்து பார்த்துவிடுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் (டோ பால்) மாட்டி இழுக்கவே கூடாது, அது உடைந்தால் குண்டு மாதிரிப் பறக்கும். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு, பிள்ளைகளைக் கயிற்று நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நிற்க வையுங்கள்.