ஆப்ஷனில் கழிந்த ஐந்து நாட்கள்

2019 சனவரியில், பாரிஸில் முதுகலை படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆண்கள் ஆடை வாரத்தின் காட்சி ஒன்றில் மாடலாக நடந்தேன். என்னைப் போல் மாணவராக வந்து இத்துறையில் கால்வைக்க எண்ணும் தம்பிகள் சிலர் விவரம் கேட்பதால், நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். பிரான்சில் மாடல் என்பவர் கூலி பேசி வந்துபோகும் தனியாள் அல்லர். சட்டத்தின் பார்வையில் அவர் ஊழியர், அவருக்குச் சம்பளச் சீட்டு கொடுத்தாக வேண்டும். அவரை அனுப்பும் ஏஜென்சியும் அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணிநேரம் வேலை செய்யலாம் என்பதால் எனக்கு அதில் தடை இருக்கவில்லை. 2017 முதல் மருத்துவச் சான்றிதழும் கட்டாயம். மருத்துவர் எடையையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு நின்றுவிடவில்லை. என்ன சாப்பிடுகிறேன், எப்படித் தூங்குகிறேன் என்று பொறுமையாகக் கேட்டார். அந்தக் கேள்விகள் எவ்வளவு தேவையானவை என்பது அடுத்த இரண்டு வாரங்களில் எனக்குப் புரிந்தது.

ஏஜென்சியில் வெள்ளைச் சுவரின் முன், சாதாரண டி-ஷர்ட்டும் கறுப்புக் கால்சட்டையும் அணிவித்து, ஒப்பனையின்றி எடுக்கும் படங்களை, பழைய உடனடிப் படக் கேமராவின் பெயரால், இன்றும் போலராய்டு என்றே சொல்கிறார்கள். அவற்றின் கீழே என் அளவுகள்: உயரம் 187 சென்டிமீட்டர், மார்பு 94, இடுப்பு 76, காலணி 45. உயரம் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 45 என்ற எண்ணைப் பார்த்துத்தான் முகம் சுளித்தார்கள். காட்சிக்கான மாதிரி உடைகளும் காலணிகளும் மாடல்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, பெரும்பாலும் ஒரே அளவில் தைக்கப்பட்டுவிடுகின்றன. ஆகவே உடல்தான் உடைக்குப் பொருந்த வேண்டியிருக்கிறது. 2001இல் வடிவமைப்பாளர் ஹெடி ஸ்லிமான், தியோர் நிறுவனத்தின் ஆண்கள் பிரிவான தியோர் ஓமின் உடைகளை மிக ஒடுக்கமாக வெட்டத் தொடங்கிய பிறகு இந்த அளவு இன்னும் சுருங்கியது. அந்த உடைகளை அணிவதற்காகவே புகழ்பெற்ற வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்டு நாற்பது கிலோவுக்கு மேல் எடை குறைத்தார். 2017இல் எல்விஎம்எச், கெரிங் ஆகிய இரு பெரும் ஆடம்பர ஆடைக் குழுமங்களும் பிரெஞ்சு ஆடை அளவு 44க்குக் குறைந்த ஆண் மாடல்களை ஏற்பதில்லை என்று கூட்டாக அறிவித்தது, இந்த ஒடுக்கத்துக்கு இடப்பட்ட ஒரு வரம்பு என்றே நான் கருதுகிறேன்.

காஸ்டிங்குகளைப் பற்றி, அதாவது காட்சிக்கு மாடல்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல்களைப் பற்றி, சொல்ல அதிகமில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு முகவரிகள், மாடிப்படிகளில் வரிசை, பத்து அடி நடை, ஒரு நன்றி, அவ்வளவுதான்.

உண்மையான சோதனை ஆப்ஷன். ஒரு நிறுவனம் உங்களை விரும்பினால் உடனே உறுதி செய்வதில்லை. அந்த நாளை உங்களிடம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவே. இத்தாலியின் மிலான் நகரக் காட்சிகள் பாரிஸுக்குச் சற்று முன்னரே முடிவதால், அங்கிருந்து வரும் பெயர் பெற்ற மாடல்களைப் பார்த்த பிறகே பலர் முடிவெடுக்கிறார்கள். எனக்கு இரண்டு ஆப்ஷன்கள் ஐந்து நாட்கள் நீடித்தன. அதில் ஒன்றை, பெரிய நிறுவனம் ஒன்று, இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு வரிச் செய்தியில் விலக்கிக்கொண்டது. அந்த ஐந்து நாட்களும் நான் இரவு உணவைப் பாதியாகக் குறைத்திருந்தேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. மருத்துவர் கேட்ட கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மற்ற நிறுவனம் சிறியது. அவர்களுடைய ஃபிட்டிங்கில், உடையை அணிவித்துத் திருத்திப் பார்க்கும் அமர்வில், ஒன்றரை மணிநேரம் நின்றேன். கம்பளி மேலங்கியின் தோள் எனக்கு ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தது. தலைமைத் தையற்காரர், ஐம்பது வயதைக் கடந்த அம்மையார், குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடி என்னைச் சுற்றி வந்து, கை தூக்கச் சொல்லி, நடக்கச் சொல்லி, மறுபடி நிற்கச் சொல்லி, கடைசியில் என் அளவை விட்டுவிட்டு உடையின் தையலைப் பிரித்தார். வலது தோள் சற்றுத் தாழ்ந்திருக்கிறது என்று அவர் சொன்னதில் குறை கூறும் தொனியே இல்லை. அந்தத் தாழ்வுக்கு ஏற்ப உள்ளே மெல்லிய பஞ்சுத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தார். வாரக்கணக்கில் என் உடலை எண்களாகவே பார்த்துவந்த எனக்கு, அதன் ஒரு கோணலுக்காக ஓர் ஆடை திருத்தப்படுவதைக் கண்டபோது தொண்டை அடைத்தது. காலணி மட்டும் 44தான் இருந்தது. அதைப் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னேன்.

காட்சி 19ஆம் தேதி, சனிக்கிழமை. அப்போது சனிக்கிழமைதோறும் அரசுக்கு எதிரான மஞ்சள் அங்கிப் போராட்டம் நடந்ததால் நகர நடுவில் சில மெட்ரோ நிலையங்களை மூடிவிடுவார்கள். தியோர் தன் காட்சியை ஒரு நாள் முன்னதாகவே, வெள்ளிக்கிழமைக்கு, மாற்றிக்கொண்டது. அந்தக் காட்சியில், அப்போது அதன் ஆண்கள் உடை வடிவமைப்பாளராக இருந்த கிம் ஜோன்ஸ், மாடல்களை நடக்கவே விடாமல், நகரும் பட்டையின் மேல் சிலைபோல் நிற்கவைத்து அனுப்பினார். வாரக்கணக்கில் விடுதித் தாழ்வாரத்தில் நடை பழகிய எனக்கு அதன் படங்கள் பெரும் வியப்பளித்தன. அசையாமல் நிற்கும் உடலில் துணியின் விழுகையை அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிந்தது.

நான் நாற்பது நிமிடம் நடந்தே போய்ச் சேர்ந்தேன். மூன்று மணிநேரக் காத்திருப்புக்குப் பிறகு, மேடையில் நான் இருந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. வெளிச்சமும் கட்டைவிரல் வலியும் நினைவிருக்கின்றன, பார்வையாளர் முகம் ஒன்றுகூட நினைவில்லை. திரும்பியதும் உடை அணிவிக்கும் பெண் மேலங்கியைக் கழற்றி, என் படம் ஒட்டிய கொக்கியில் மாட்டினார்.

சம்பளச் சீட்டு மார்ச்சில் வந்தது. போலராய்டு அச்சுச் செலவையும் நான் கேட்டிராத ஒரு தூதஞ்சல் (கூரியர்) கட்டணத்தையும் அதில் கழித்திருந்தார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன்: முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. எழுதிக் கேட்டதும் அந்தத் தொகையை ஏப்ரலில் திருப்பித் தந்தார்கள். சூன் காட்சிகளுக்காக என் அளவுகளை மீண்டும் கேட்டபோது, இடுப்பு 78 என்று எழுதி அனுப்பினேன்.