கண்ணாடியில் கை வைக்கும் முன்

இடைக்காலத் தேவாலய ஜன்னல்களின் வெளிப்பக்கத்தில் கெட்டியாக ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொருக்கை அழுக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதில் பெரும்பகுதி அந்தக் கண்ணாடியிலிருந்தே பிறந்தது. இங்கிலாந்தில் வண்ணக் கண்ணாடிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். பார்வையாளர்கள் வந்தால் முதலில் இதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

அன்றைய வட ஐரோப்பியக் கைவினைஞர்கள் மணலோடு பீச் மரச் சாம்பலைக் கலந்து கண்ணாடி உருக்கினார்கள். சாம்பலால் பொட்டாசியமும் கால்சியமும் அதிகம், சிலிக்கா குறைவு. மழையும் பனியீரமும் பட்டுக்கொண்டே இருந்தால் பொட்டாசியமும் கால்சியமும் கசிந்து வெளியேறிவிடும். மேற்பரப்பில் வலுவற்ற சிலிக்கா அடுக்கு மட்டும் மிஞ்சும். கசிந்தவை நிலக்கரிப் புகையின் கந்தகத்தோடு சேர்ந்து ஜிப்சம், சிஞ்ஜெனைட் என்ற உப்புகளாக இறுகுகின்றன. அதே ஜன்னலில் 12ஆம் நூற்றாண்டு நீலத் துண்டுகள் சில மட்டும் பளிச்சென்று இருக்கும். அவை சோடா கலந்து உருக்கியவை, ஈரத்தைத் தாங்கும்.

மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால் பொருக்கு கண்ணாடியின் தனித்தனி வட்டக் குழிகளில் நிறைந்திருப்பது தெரிகிறது. சில இடங்களில் குழிகள் ஒன்றோடொன்று கலந்து பள்ளமாகியிருக்கும். முதலில் மென்தூரிகையால் தூசி தட்டுகிறோம். பிறகு அயனி நீக்கிய நீரும் எத்தனாலும் கலந்து, பஞ்சுக்குச்சியில் நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு உருட்டி எடுக்கிறோம். பஞ்சைத் தேய்க்கவே கூடாது. அதற்கும் அசையாத பொருக்கை ஸ்கால்பெல் முனையால் மெல்லச் சீவி மெலிதாக்குகிறோம். வெளிச்சம் புகும் அளவுக்கு மெலிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிடுவேன். அடிவரை சுரண்டினால் சிலிக்கா அடுக்கும் கூடவே பெயர்ந்து, புதுப் பரப்பு ஈரத்துக்குத் திறந்துவிடும்.

உட்பக்கம் இன்னும் பயமானது. முகம், துணி மடிப்பு, எழுத்து எல்லாம் அங்கே இரும்பு அல்லது செம்பு ஆக்சைடையும் கண்ணாடித் தூளையும் குழைத்துத் தீட்டிச் சூளையில் சுட்டவை. சரியாகச் சுடாத வண்ணப்பூச்சு, பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்வதுபோல் உதிரும். அப்படித் தளர்ந்த இடத்தில் சுத்தத்தை மறந்துவிட்டு, நுண்தூரிகையால் பாரலாய்டு பி-72 பிசினைச் சொட்டு சொட்டாக இறக்கி முதலில் அதை நிலைநிறுத்த வேண்டும். ஒரு புனிதரின் இமைக்கோடு போனால் போனதுதான்.

முன்பு ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் கழுவியிருக்கிறார்கள். கண்ணாடி இழைத் தூரிகையால் தேய்த்திருக்கிறார்கள். பொருக்கோடு வண்ணப்பூச்சும் போன துண்டுகள் இன்றும் எங்கள் மேசைக்கு வருகின்றன. வெளிச்சம் தாராளமாக வருகிறது, உருவம் இல்லை. இ.டி.டி.ஏ. போன்ற வேதிப்பொருட்கள் பொருக்கிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக் கரைப்பவை. அடியிலிருக்கும் கண்ணாடியிலும் கால்சியம் இருக்கிறதே! 1970களில் ஷார்த்ர் பேராலயத்தின் மேற்கு ஜன்னல்களைச் சுத்தம் செய்து பிசின் பூசியபோது பிரான்ஸில் பெரிய சர்ச்சை எழுந்தது. அந்தக் காலத்து ஆட்களை நான் குறை சொல்லமாட்டேன். கண்ணாடி கண்முன்னே கரைந்துகொண்டிருந்தபோது ஏதாவது செய்தாக வேண்டும் என்று தவித்தவர்கள் அவர்கள். ஆனால் பளபளப்புதான் வெற்றி என்ற எண்ணத்தை ஏற்க முடியவில்லை.

ஈரத்தை நிறுத்தாமல் எவ்வளவு துடைத்தாலும் பொருக்கு மறுபடி வளரும். இங்கிலாந்தின் யார்க் நகரப் பேராலயமான யார்க் மின்ஸ்டரின் பெரிய கிழக்கு ஜன்னலைக் கண்ணாடிக் கலைஞர் ஜான் தார்ன்டன் 1405 முதல் 1408 வரை உருவாக்கினார். அதன் 311 கண்ணாடிப் பலகங்களும் பழுதுபார்க்கப்பட்டு 2018இல் முழுமையாகத் திரும்பியபோது, வெளியே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் புதுக் கண்ணாடி நின்றது. பொதுவாக இந்த முறையில் பழைய பலகத்தைச் சற்று உள்ளே தள்ளி நிறுத்துவார்கள். இடைவெளியில் தேவாலயத்தின் உட்காற்று கீழிருந்து மேலாக ஓடும். பழைய கண்ணாடியின் இருபுறமும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால் பனியீரம் அதில் படியாமல் புதுக் கண்ணாடியில் படிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அழகு கொஞ்சம் குறையும் என்று சிலர் வருந்துகிறார்கள், நியாயமான வருத்தம்தான். இருந்தும் என் ஓட்டு இந்த ஏற்பாட்டுக்கே. பலகங்களைத் திருப்பித் தரும்போது, காற்றுப் போகும் துவாரங்களை ஒட்டடை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தேவாலயத்தாரிடம் எழுதியும் கொடுக்கிறோம், நேரிலும் சொல்கிறோம்.