195.5 கட்ஆஃப், காணாமல் போன கம்யூனிட்டி ரேங்க், மண்டபத்து ஆலோசகர்

அண்ணன் மகளுக்கு ஒருவழியாக இடம் கிடைத்துவிட்டது. 2025 டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) கவுன்சலிங்கில், அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி, எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன். விண்ணப்பம் போட்டது, பணம் கட்டியது, சான்றிதழ்களை ஏற்றியது எல்லாம் ஒரு சாயங்காலத்தில் முடிந்த வேலை. "இந்த மார்க்குக்கு எது கிடைக்கும்?" என்ற ஒற்றைக் கேள்விதான் மே மாதத்திலிருந்து வீட்டையே ஆட்டி வைத்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடுத்த வருஷம் இதே வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கணக்கில் 98, இயற்பியலில் 97, வேதியியலில் 98. கணக்கை அப்படியே, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் கட்ஆஃப் 195.5. பிசி (பிற்படுத்தப்பட்டோர்) பிரிவு. ஸ்டேட் போர்டு. அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வர முடியாது. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளிதானே என்று நம்பிக்கொண்டிருக்கும் பெற்றோர் இன்னும் நிறையப் பேர். இல்லை.

பிள்ளைக்குக் கிண்டி பொறியியல் கல்லூரியில் (சிஇஜி) ஈசிஇ, அதாவது எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன், வேண்டும் என்று ஆசை. அண்ணனுக்கு எங்காவது சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) கிடைத்தால் போதும். அண்ணிக்கு ஹாஸ்டல் இல்லாத தூரத்தில் எதுவானாலும் சரி. நான் பொறியியல் படித்தவன் என்பதால் பொறுப்பு என் தலையில். நான் படித்த காலத்தில் நுழைவுத் தேர்வு இருந்தது, 2007-இல் அதை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

ரிசல்ட் வந்த அடுத்த ஞாயிறே ஒரு கல்யாண மண்டபத்தில் 'வழிகாட்டி நிகழ்ச்சி'. அனுமதி இலவசம், காபி உண்டு. முடிந்ததும் தனி ஆலோசனைக்குத் தனிக் கட்டணம். ஆலோசகர் பிள்ளையின் மார்க்கை லேப்டாப்பில் தட்டினார். பச்சை நிறத்தில் ஒரு பட்டியல் வந்தது. கிண்டி சிஎஸ்இ: 'வாய்ப்பு உண்டு'. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

எனக்குப் பொறுக்கவில்லை. கிண்டி சிஎஸ்இ பிசி பிரிவிலேயே 199-ஐ ஒட்டி முடிந்துவிடுகிற விஷயம். 195.5-க்கு எப்படி வரும் என்று கேட்டேன். "போன வருஷ டேட்டா சார், நாங்க சொந்தமா எதுவும் சொல்றதில்ல" என்றார். டேட்டாவைக் காட்டச் சொன்னால், அது கம்பெனி ரகசியமாம்.

ரகசியமே இல்லை. ஒவ்வொரு சுற்றின் ஒதுக்கீட்டுப் பட்டியலையும் டிஎன்இஏ தளத்திலேயே போடுகிறார்கள். ரேங்க், கட்ஆஃப், சமூகப் பிரிவு, கல்லூரி எண், பாடப்பிரிவு எண் எல்லாம் வரிசையாக இருக்கும். கிண்டி சிஇஜிக்கு 1, ஏசி டெக்குக்கு 2, எம்ஐடிக்கு 4, கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு (ஜிசிடி) 2005, பிஎஸ்ஜிக்கு 2006, எஸ்எஸ்என்னுக்கு 1315. அன்று இரவு உட்கார்ந்து அந்த பிடிஎஃப்களைப் பார்த்தபோதுதான் பச்சைப் பட்டியலின் மர்மம் புரிந்தது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போனவர்களின் பட்டியல் தனியாக வரும்; அதில் கட்ஆஃப் இயல்பாகவே கீழே இருக்கும். ஆலோசகரின் மென்பொருள் இரண்டையும் ஒன்றாகக் கொட்டி, இருப்பதிலேயே குறைந்த மார்க்கை 'கடைசி கட்ஆஃப்' என்று எடுத்திருக்கிறது. நீங்கள் எந்த இணையக் கணிப்பானில் பார்த்தாலும் முதலில் இதைச் சோதியுங்கள். கிண்டி சிஎஸ்இக்குப் பிசி பிரிவில் 195, 196 என்று காட்டினால் அதை அப்படியே மூடிவிடலாம்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, அது இதைவிடப் பெரியது. போன வருஷக் கட்ஆஃபை இந்த வருஷக் கட்ஆஃபோடு நேராக ஒப்பிடவே கூடாது. 2024-இல் வேதியியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 471 பேர், 2025-இல் 3,181. இயற்பியலில் 633-லிருந்து 1,125. விளைவு என்னவென்றால், இரண்டு வருஷமும் முதல் சுற்றுக்கு 200 முதல் 179 வரை கட்ஆஃப் உள்ளவர்களைத்தான் அழைத்தார்கள். 2024-இல் அது 26,654 பேர். 2025-இல் 39,145 பேர். மார்க் அதேதான், வரிசை மட்டும் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் நீண்டுவிட்டது. அதனால் 195.5 என்பது போன வருஷத்து 195.5 இல்லை. ரேங்க்கைத்தான் ரேங்க்கோடு ஒப்பிட வேண்டும். நம் பிரிவில் எத்தனையாவது ஆள் வரை அந்த இடம் போனது என்பதுதான் பேச்சு. அதிலும் சின்னச் சறுக்கல் இருக்கும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ 2024-இல் இடங்களுக்கான உச்சவரம்பை எடுத்ததிலிருந்து தனியார் கல்லூரிகள் கம்ப்யூட்டர் பிரிவுகளில் இடங்களைக் கூட்டிக்கொண்டே போகின்றன. ஆனாலும் கட்ஆஃபை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரே கட்ஆஃப் இருந்தால் யார் முன்னால் என்பதிலும் ஒரு வேடிக்கை. பிள்ளையின் தோழிக்கும் 195.5. அவளுக்குக் கணக்கில் 100, இயற்பியலில் 96, வேதியியலில் 95. மூன்றையும் கூட்டினால் எங்கள் பிள்ளைக்குத்தான் இரண்டு மார்க் அதிகம். ரேங்க்கில் தோழிதான் முன்னால், ஏனென்றால் சமமானால் முதலில் கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள், அப்புறம் இயற்பியல். எல்லாமே சமமாகிக் கடைசியில் நின்றால்தான் ஒவ்வொருவருக்கும் கணினி போடும் ரேண்டம் எண். அந்த எண் பெரிதாக வரவேண்டும் என்று அண்ணி வேண்டிக்கொண்டு தேங்காய் உடைத்தது தனிக்கதை.

ஜூன் 27, ரேங்க் பட்டியல். பொது ரேங்க் ஐயாயிரத்துச் சொச்சம், எதிர்பார்த்ததுதான். பக்கத்தில் கம்யூனிட்டி ரேங்க், அதாவது நம் சமூகப் பிரிவுக்குள் எத்தனையாவது இடம் என்பது, இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. பிரிவு: ஓசி, அதாவது பொதுப்பிரிவு.

இதன் அர்த்தம் தெரியாமல் "ரேங்க்தான் வந்துடுச்சே" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அறுபது இடம் உள்ள ஒரு பாடப்பிரிவில் பிசிக்கு 26.5 சதவீதம் என்றால் ஏறக்குறைய பதினாறு இடம். ஓசி என்று விழுந்துவிட்டால் அந்தப் பதினாறும் நமக்குக் கிடையாது. 31 சதவீதப் பொதுப்பிரிவில் எல்லாரோடும் மோத வேண்டியதுதான். எங்கள் பிள்ளையின் மார்க்குக்கு அண்ணா பல்கலைக்கழக வளாகமே கைவிட்டுப் போகிற கதை.

குறை சொல்ல ஐந்து நாள்தான் அவகாசம். மறுநாள் காலையிலேயே டிஎஃப்சி என்கிற கவுன்சலிங் உதவி மையத்துக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தார். "ரேங்க் வந்துடுச்சுல்ல? அப்புறம் என்ன?" கம்யூனிட்டி ரேங்க் வரவில்லை என்றோம். "அது சிஸ்டம் போடுறது. எங்க கையில இல்ல. சென்னைக்கு மெயில் போடுங்க." மெயில் போட்டாயிற்று, பதில் இல்லை என்றதும் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. இரண்டரை மணிக்குத் திரும்பி வந்தவர், "இ-சேவை சர்டிபிகேட் செல்லாது, பழைய அட்டை வேணும்" என்றார். டிஜிட்டல் கையொப்பமும் க்யூஆர் குறியீடும் உள்ள சான்றிதழ் அது. விண்ணப்ப வழிமுறையிலேயே ஏற்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். பிரின்ட் எடுத்துப் போயிருந்த அந்தப் பக்கத்தை மேஜையில் வைத்தேன். அதைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். அண்ணன், "சார், பொண்ணு வாழ்க்கை சார்" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பக்கத்து மேஜையில் இருந்த ஒரு அம்மா, பேராசிரியராக இருக்க வேண்டும், நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து திரையை எட்டிப் பார்த்தார். "இனிஷியல்" என்றார், ஒரே வார்த்தை. சாதிச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், மதிப்பெண் பட்டியலில் முன்னால். சரிபார்த்த யாரோ 'பெயர் பொருந்தவில்லை' என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறார். எங்களுக்கு ஒரு எஸ்எம்எஸ்கூட வரவில்லை. அந்த அம்மா பத்தாம் வகுப்பு மார்க்ஷீட், டிசி இரண்டின் ஜெராக்ஸையும் வாங்கிப் பார்த்து, சான்றிதழை மறுபடி ஏற்றச் சொல்லி, குறைதீர் கோரிக்கையையும் அங்கேயே பதிந்து கொடுத்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. திருத்திய பட்டியலில் கம்யூனிட்டி ரேங்க் வந்தது.

பிளஸ் டூ படிக்கும்போதே சாதிச் சான்றிதழையும் பத்தாம் வகுப்பு மார்க்ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். இனிஷியல், புள்ளி, இடைவெளி எல்லாவற்றையும். சரிபார்ப்பு முடிந்தது என்று லாகினில் காட்டினால் அதோடு நிற்காமல் உள்ளே போய் என்ன பிரிவு என்று பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். கோரிக்கை பதிந்தால் அந்த எண்ணை எழுதி வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

கம்யூனிட்டி ரேங்க் கைக்கு வந்தபிறகு கணிப்பு அரை மணி நேர வேலை. 2024 முதல் சுற்றுப் பட்டியலில் எங்களுக்கு வேண்டிய ஒவ்வொரு கல்லூரி, பாடப்பிரிவுக்கும் பிசி இடத்தில் கடைசியாகப் போனவரின் கம்யூனிட்டி ரேங்க்கை எழுதினேன். எந்த ஒதுக்கீட்டில் இடம் தரப்பட்டது என்ற கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். பிசி மாணவர் பொதுப்பிரிவில் இடம் வாங்கியிருப்பார், அது பிசி கணக்கில் வராது. கிண்டி ஈசிஇ எட்டாது என்று தெரிந்துவிட்டது. எம்ஐடியில் ஒன்றிரண்டு பிரிவுகள் விளிம்பில் நின்றன. ஜிசிடியில் டிரிபிள்இ (எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்) நிச்சயம் என்று பட்டது. பிள்ளை கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் அவளே பேனாவை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

சாய்ஸ் போடும்போது ஆலோசகரின் பட்டியல் மறுபடி வந்து நின்றது. "கிடைக்கிறதை மேலே போடுங்க, இல்லேன்னா எல்லாம் போயிடும்" என்று போனில் அண்ணனைப் பயமுறுத்தியிருக்கிறார். அவர் மேலே போடச் சொன்ன முதல் மூன்றும் தனியார் கல்லூரிகள். இது சுத்தமான பொய். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டு வரும். முதலாவது எட்டாவிட்டால் இரண்டாவது, அவ்வளவுதான். எட்டாததை மேலே போட்டதற்காகக் கீழே இருப்பது பறிபோகாது. அதனால் கிண்டி ஈசிஇயே முதல் வரியில் இருந்தது, ஆசைக்கு. விளிம்பில் நின்றவை அடுத்து. நிச்சயமானவை கீழே, தாராளமாக. பாடப்பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்எஸ் என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் வேறு, பார்த்துப் போடுங்கள்.

தற்காலிக ஒதுக்கீட்டில் ஜிசிடி டிரிபிள்இ வந்தது. அடுத்த நாள் மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிய நகர்வுக்கு, அதாவது பட்டியலில் அதற்கு மேலே போட்டது ஏதாவது காலியானால் அங்கே மாற, காத்திருக்கிறோம் என்று கொடுத்தோம். இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த விருப்பத்தைக் கொடுத்தால் டிஎஃப்சியில் குறித்த நாளுக்குள் பணம் கட்ட வேண்டும், தவறினால் கையில் இருக்கும் இடமும் போகும். மேலே நகர்ந்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பவும் முடியாது. கோவையே பிடித்திருக்கிறது என்றால் நகர்வு கேட்கவே கூடாது. ஐஐடி, என்ஐடி கிடைத்துப் போனவர்கள் விட்ட இடங்கள் இந்தக் கட்டத்தில்தான் திறக்கின்றன. விளிம்பில் நின்ற எம்ஐடி அப்படித்தான் வந்தது. பிள்ளை கத்திய கத்தலில் எதிர்வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார்.

மிச்சம் இருப்பது ஒரு பணத் தகராறு. மண்டபத்து ஆலோசகர் பச்சைப் பட்டியலைக் காட்டிய கையோடு, "எதுக்கும் பாதுகாப்பா ஒரு சீட் பிடிச்சு வெச்சுக்கங்க" என்று ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைக் காட்டியிருந்தார். அண்ணன் எனக்குச் சொல்லாமல் முன்பணம் கட்டிவிட்டார். நல்லவேளை, அசல் சான்றிதழ்களைக் கேட்டபோது அண்ணி கொடுக்க மறுத்துவிட்டார். கொடுத்திருந்தால் எம்ஐடியில் சேரும் அன்று டிசிக்கு அலைந்திருப்போம். இடத்தை ரத்து செய்கிறோம் என்று எழுதிக் கொடுத்து ரசீதும் வாங்கியாயிற்று. அக்கவுன்ட்ஸ் பிரிவில் கேட்டால் அட்மிஷன் பிரிவைக் காட்டுகிறார்கள், அங்கே போனால் அக்கவுன்ட்ஸைக் காட்டுகிறார்கள். யுஜிசியின் கட்டணத் திருப்பி அளிப்பு விதியை மேற்கோள் காட்டிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பணம் வரவில்லை. ஆலோசகர் இப்போது போனை எடுப்பதில்லை.