மூன்றாவது ஓட்டம்

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பல்லேடியம் என்ற உலோக வினையூக்கியின் மேல் சேர்த்து நேரடியாக ஹைட்ரஜன் பெராக்சைடு எடுக்கலாம் என்று 1914-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். இருந்தும் இன்றுவரை பெரும்பகுதி பெராக்சைடு, ஆந்த்ராகுவினோன் என்ற சேர்மத்தின் வழியாகச் சுற்றிப் போகும் முறையில்தான் பெரிய ஆலைகளில் தயாராகிறது. ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை.

பல்லேடியத்தின் வேகம்தான் சிக்கல். ஆக்சிஜனின் இரண்டு அணுக்களும் பிரியாமல் இருக்கும்போதே ஹைட்ரஜன் வந்து சேர வேண்டும். பிணைப்பு அறுந்தால் தண்ணீர்தான். தப்பி உருவாகிற பெராக்சைடையும் அதே பல்லேடியம் விடாது. இன்னும் ஹைட்ரஜன் ஏற்றித் தண்ணீராக்கிவிடும்.

ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலனில் மெத்தனாலும் தண்ணீரும், 10 மில்லிகிராம் வினையூக்கி, 2 டிகிரி குளிர், 40 பார் அழுத்தம், அரை மணி நேரம். ஆக்சிஜனில் 4 முதல் 94 சதவீதம் வரை ஹைட்ரஜன் இருந்தால் தீப்பற்றும் என்பதால் இரண்டையும் கார்பன் டை ஆக்சைடு கலந்துதான் விடுவோம். அப்புறம் வடிகட்டி, எவ்வளவு பெராக்சைடு உருவானது என்று அளக்க செரியம் சல்பேட்டால் டைட்ரேஷன். நிறங்காட்டியான ஃபெர்ராயினின் சிவப்பு வெளிர்நீலமாக மாறும்வரை துளித்துளியாக விட வேண்டும்.

பல்லேடியம் குளோரைடிலிருந்து நான் செய்த முதல் வினையூக்கிக்கு பியூரெட்டில் செரியம் கரைசல் இறங்கிக்கொண்டே போனது, அவ்வளவு பெராக்சைடு. ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை. என் மூத்த சக ஆய்வாளரான அக்கா ஒன்றுதான் கேட்டார்: "சரி, அதையே கழுவி மறுபடி ஓட்டிப் பார்த்தியா?"

இரண்டாவது ஓட்டத்தில் பெராக்சைடு வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் இன்னும் மோசம். கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் விட்டதும் வெள்ளையாகக் கலங்கியது, குளோரைடின் அடையாளம். உலோகத்தில் ஒட்டியிருந்த குளோரைடுதான் பல்லேடியத்தை இத்தனை நாள் அடக்கி வைத்திருக்கிறது. நான் வடிவமைத்ததாக நினைத்தது மூலப்பொருளின் மிச்சம். அன்றிரவு தூங்கவில்லை. ஆனால் பல்லேடியத்தை அடக்க ஏதாவது வேண்டும், அது கரைந்து ஓடாததாகவும் இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகக் குழுவினர் 2009-இல் தங்கத்தையும் 2016-இல் வெள்ளீயத்தையும் பல்லேடியத்தோடு சேர்த்துக் காட்டிய வழியை அதன்பின் வேறு கண்ணோடு படித்தேன். தங்கத்துக்கு எங்களிடம் பணமில்லை. நைட்ரேட் உப்பிலிருந்து பல்லேடியம் எடுத்து, வெள்ளீயம் சேர்த்து, காற்றில் சுட்டு, ஹைட்ரஜனில் ஒடுக்கி, மறுபடி காற்றில் சுட்டேன். தண்ணீராக்கும் நுண்துகள்களை வெள்ளீய ஆக்சைடு மூட வேண்டும் என்பது கணக்கு.

முதல் ஓட்ட அளவு பழையதைவிடக் குறைவுதான். யாரிடமும் சொல்லாமல் கழுவி உலர்த்தினேன். மூன்றாவது ஓட்டத்திலும் ஏறத்தாழ அதே இடத்தில் சிவப்பு நீலமானபோது, அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.